மாற்று ஓடுதளம்

அத்தியாயம் 17

கறுப்பு ஷூவைக் காணோம்.

செருப்பு இருந்தது. காலை நடைக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூவும் இருந்தது. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு மட்டும் வெளியே வருகிற கறுப்பு ஷூ இருந்த இடம்தான் காலி. பக்கத்தில் பாலீஷ் டப்பா திறந்து கிடந்தது. ஜெஸ்லின் குனிந்து அதை எடுத்தாள். அப்பா காலாற நடக்கப் போயிருப்பார் என்று பத்து நிமிஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அந்த டப்பாவோடு முடிந்தது.

“நீலக் கோட்டும் இல்லடி,” என்று உள்ளறையிலிருந்து அம்மா சாந்தாமேரி சொன்னாள். “தொப்பியும் இல்ல. கொக்கியில தொங்குன காம்பசும் இல்ல.”

மணி பத்தே முக்கால். ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டையே காணவில்லை. வேலிக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. மேலே எல்லாம் வெள்ளை.

நேற்று மாலை வரை இந்த வீட்டின் பிரச்சினை ஒரே ஒரு காகிதம்தான். சென்னையிலிருந்து வந்து இறங்கிய அண்ணன் கிறிஸ்டோ அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். மறதி நோய் வந்த பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம், தாம்பரத்தில். ஜீவானந்தம், வயது எழுபத்தாறு, சேர வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் நிரப்பி, அம்மாவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரியலை. உன் பேரு தெரியலை. மூணு வாரமா உன்னை சிஸ்டர்னு கூப்பிடறார். நீ இன்னும் ஒத்துக்க மாட்டேங்கற.”

“திசை மறக்கலைண்ணா,” என்றாள் ஜெஸ்லின். “கண்ணைக் கட்டிக் காப்பித் தோட்டத்துக்குள்ள விட்டாலும் வீட்டுக்கு வந்து சேந்துருவார். அது இருக்கற வரைக்கும் அவர் எங்கயும் போக வேண்டியதில்ல.”

“எனக்குக் கவலை அவரைப் பத்தி இல்ல ஜெஸ்ஸி. அம்மாவைப் பத்தி. போன மாசம் அவரைப் பிடிக்கப் போய்த்தான் மணிக்கட்டு பிசகிச்சு. அடுத்த தடவை என்ன ஆகும், சொல்லு.”

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிய கையால் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள் அம்மா. கையெழுத்துப் போடவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை.

அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

இப்போது மேஜையில் அந்தக் காகிதம் இல்லை. அது இருந்த இடத்தில் அப்பாவின் நோட்டு இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஜெஸ்லின் கொண்டுவந்து தருகிற நாற்பது பக்க நோட்டு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதில் தினமும் ஃப்ளைட் பிளான் எழுதுவார். சர்ச்சுக்குப் போக ஒன்று, முடி வெட்டிக்கொள்ள ஒன்று. இப்போதெல்லாம் குளிக்கப் போவதற்கும் ஒன்று. புறப்படும் இடம், சேருமிடம், சேருமிடம் மூடியிருந்தால் இறங்க வேண்டிய மாற்று இடம். ஆல்டர்னேட் குறிக்காமல் தரையை விட்டுக் கிளம்புகிறவன் பைலட்டே இல்லை என்பது அவர் வேதம். சின்ன வயதில் டியூஷனுக்குக் கிளம்பினால்கூட வாசலில் மறித்துக் கேட்பார். ‘மிஸ் ஊட்ல இல்லைன்னா என்ன பண்ணுவ? ஆல்டர்னேட் சொல்லிட்டுப் போ கண்ணு.’

கிறிஸ்டோ பக்கங்களைத் தள்ளி இன்றைய தேதியில் நின்றான். “சேருமிடம் தாம்பரம்னு போட்டிருக்கார்.”

சாந்தாமேரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போஸ்டிங்னு நெனச்சுட்டாரு. காலைல அடுப்படிக்கு வந்து கேட்டாரு. ஆர்டர் எப்ப வந்துச்சு மேரி, ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னு. இட்லி ஊத்தற அவசரத்துல நானும் ஊம்னுட்டேன்.”

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் நாலு வருஷம் புதுப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். இல்லத்தின் படிவத்தை மாற்றல் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, ஷூவுக்குப் பாலீஷ் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, சொன்ன இடத்துக்கு வேலைக்குச் சேரக் கிளம்பிவிட்டார்.

“என்னைய விட்டுட்டு எங்கயும் போனதில்லயே,” என்றாள் அம்மா. “வாசல்ல நின்னு கோ-பைலட் ரெடியான்னு கேட்டுட்டுத்தான கேட்டைத் தொறப்பாரு.”

கிறிஸ்டோ அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தான். தாம்பரம் என்ற வரி மட்டும் தெரியும்படி வெட்டி, ஊர் வாட்ஸாப் குழுவுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அனுப்பினான். “சேலம் போய்த்தான் ரயில் பிடிக்கணும். பஸ் ஸ்டாண்டு, செக்போஸ்ட், மலைப்பாதை. இந்த மூணுதான். வேற எங்கயும் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.”

“அம்மா, நீங்க போன் பக்கத்தை விட்டு நகரவே கூடாது,” என்று சொல்லிவிட்டு ஜெஸ்லின் குடையை எடுத்தாள்.

*

மலைப்பாதையில் ஒன்பது மணிக்கே மரம் விழுந்து பஸ் நின்றுபோயிருந்தது. அப்படியென்றால் அவர் நடந்துதான் இறங்கியிருக்க வேண்டும். கிறிஸ்டோ காரை ஊர்ந்தபடி ஓட்டினான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜெஸ்லின் இறங்கி, சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். கீழே பார்க்க எதுவும் இல்லை. பால் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது.

“அப்பா.”

எதிரொலிகூட வரவில்லை. பனி குரலை வாயருகிலேயே வாங்கிக்கொண்டது.

விழுந்த மரத்தருகே நின்ற கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து அடையாளம் கேட்டார். உயரம், நிறம், கோட்டு, தொப்பி என்று சொல்லிக்கொண்டே வந்தவள் தொழில் என்ற இடத்தில் தடுக்கி நின்றாள்.

எதைச் சொல்வது? கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டரின் மகன். மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே போன விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்று கணக்குப் பரீட்சைக்குப் பிந்தியவர். இருபத்திரண்டு வயதில் விமானப்படை. பனிமலை உச்சிகளில் இருந்த சிப்பாய்களுக்கு அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் போட்டுவிட்டு, இறக்கை மலையை உரசாமல் திரும்பியவர். பிறகு பத்தொன்பது வருஷம் பயணிகள் விமானம். கடைசியாக ஓட்டிய நாளில் மைக்கை எடுத்து, ‘இடது பக்க ஜன்னல்ல தெரியறது எங்க ஊர் மலைங்க. அங்கதான் எங்கப்பா காப்பிக்கொட்டை எடை போட்டாரு’ என்று விமானம் முழுக்கக் கேட்கச் சொன்னவர். இன்றைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட ஆள் வேண்டும்.

“பைலட்டுங்க,” என்றாள்.

“பைலட்டுங்களா? அப்ப நாம கீழ தேடக் கூடாதுங்க, மேலதான் தேடணும்,” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்.

ஒன்றரை மணிக்கு வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“கெடச்சாரா?”

“இல்லம்மா. பத்தாவது வளைவு வரைக்கும் பாத்துட்டோம்.”

“ரோடு மூடியிருக்குன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்களே. அப்ப ஆல்டர்னேட்டுக்கில்ல போயிருப்பாரு. என்னன்னு எழுதியிருந்தாரு?”

ஜெஸ்லின் வாட்ஸாப்பைத் திறந்தாள். படத்தில் தாம்பரம் மட்டும் இருந்தது. அடுத்த வரி வெட்டுப்பட்டிருந்தது. “அண்ணா, ஆல்டர்னேட் என்ன போட்டிருந்தார்?”

“அது எதுக்கும்மா இப்ப?” ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கிறிஸ்டோ போனை நோக்கிக் கத்தினான். “குளிக்கப் போறதுக்கும் ஆல்டர்னேட் எழுதறவர் அவர். அதை வெச்சு மலை பூரா தேட முடியுமா? நீங்க பேசாம போன் பக்கத்துல உக்காருங்க.”

“சரி சாமி. நோட்டு இங்கதான இருக்குது. நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குச் சின்னன் வந்து சேர்ந்தார். தலைச்சோலையிலிருந்து வந்து அவர்கள் வீட்டுக் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அப்பாவைவிடப் பதினைந்து வயது சின்னவர், அப்பாவை எதிர்த்துக் கனவில்கூட ஒரு வார்த்தை பேசாதவர். ஆனால் கிறிஸ்டோவிடம் அவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

“ஏனுங்க தம்பி, காலைல இருந்து ரோட்டுலயேதான் சுத்தறீங்களா? மெட்ராஸ்ல தொலைஞ்சவன ரோட்டுல தேடலாமுங்க. மலைல தொலைஞ்சவன் ரோட்டுல கெடைக்க மாட்டானுங்க.”

“வேற எங்க தேடணும்னு சொல்லுங்க, தேடறேன்.”

சின்னனுக்கும் அது தெரியவில்லை. மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினார்கள்.

ஒரு மனிதன் காணாமல்போன ஊரில் நேரம் போகிற வேகமே வேறு. பெட்டிக்கடை, டீக்கடை, ஏரிக்கரை, சர்ச், கல்லறைத் தோட்டம். அப்பா அம்மாவை முதன்முதலாகப் பார்த்த அனாதை இல்லத்து வாசல்வரைக்கும் ஜெஸ்லின் போனாள். எல்லா இடத்திலும் அதே பதில். ‘காணமுங்களே.’ ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இந்தக் குளிரில் எழுபத்தாறு வயது உடம்பு ஒரு ராத்திரி தாங்காது. அதைக் கிறிஸ்டோவும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றே முக்காலுக்கு, மத்தியானம் சாப்பிடப் போய்விட்டு அப்போதுதான் கடையை விரித்த முத்தாயிதான் முதன்முதலாகத் தலையை ஆட்டினாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பழம் விற்கிறவள்.

“கேப்டனய்யாவா? காத்தாலயே வந்தாருங்களே கண்ணு. நொம்ப ஜோராத் துணி போட்டுக்கிட்டு, மாப்பிள மாதிரி. என்னுங்கய்யா, இன்னைக்கே கண்ணாலமான்னுகூடக் கேட்டேன். சேலம் பஸ்ஸு போகாதுன்னு கண்டக்டரு சொன்னாப்ல. கையில இருந்த கடிகாரத்தைப் பாத்தாரு. க்ளோஸ்டுன்னாரு. திரும்பி விறுவிறுன்னு மேக்க போயிட்டாரு.”

“க்ளோஸ்டுன்னா சொன்னார்?”

“ஆமாங் கண்ணு. அதென்னவோ நிம்மதியாச் சொன்ன மாதிரி இருந்துச்சு.”

ஜெஸ்லின் அண்ணனின் போனைப் பிடுங்கினாள். கேலரியில் வெட்டாத படம் இருந்தது. தாம்பரத்துக்குக் கீழே, கோடு போட்ட மாதிரி நேரான எழுத்தில் எழுதியிருந்தது.

ஆல்டர்னேட்: சேர்வராயன் கோயில்.

“எத்தனை தடவை சொல்லியிருக்கார்,” என்றாள். “இந்த மலையில பிளேன் இறக்கணும்னா ஒரே இடம்தான், கோயில் முன்னால இருக்கற மொட்டை வெளின்னு. நீ இந்த வரியை வெட்டிட்ட. அஞ்சு மணி நேரம் போச்சுண்ணா.”

கிறிஸ்டோ காரை நோக்கி ஓடினான்.

போகிற வழியில் ஜெஸ்லின் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள்.

“காத்துல கம்பி அறுந்திருக்குமுங்க பாப்பா,” என்றார் சின்னன். “எங்கூரு லைனு மத்தியானமே போயிருச்சு.”

*

கோயிலுக்கு மேலே ரோடு முடிகிற இடத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. பனி இறங்கினால் பூசாரி சீக்கிரமே குகைக்கோயிலின் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் நிற்கிற வெளி, இன்றைக்குக் கை நீட்டினால் விரல் தெரியாமல் கிடந்தது. மணி நாலரை.

“இதுக்குள்ள எறங்குனா நாமளும் திரும்ப மாட்டோமுங்க,” என்றார் சின்னன்.

ஜெஸ்லின் போனில் திசைகாட்டியைத் திறந்தாள். சிக்னல் இல்லாவிட்டாலும் அது வேலை செய்தது. அப்பா கற்றுக் கொடுத்த முதல் பாடம் அது. காருக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்நூற்று நாற்பது டிகிரி. அதே கோட்டில் போனால், திரும்பும்போது எதிர்த்திசை, நூற்று அறுபது.

இன்னொன்றும் சொல்வார். மற்றக் கதைகளைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர், இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். ‘பனியில தடுமாறுறவன் கொஞ்சமாத் தப்பு பண்ண மாட்டான் கண்ணு. நேர் எதிராப் பண்ணுவான். வந்த திசையையே போற திசைன்னு நெனச்சுக்குவான். எங்கிட்டப் பறக்கக் கத்துக்கிட்ட ஒரு பையனை நான் அப்பிடிப் பறிகொடுத்திருக்கேன்.’

முந்நூறு அடி எண்ணியபோது சின்னன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். திருவிழாச் சமயத்தில் போலீஸ்காரர்கள் உட்காரப் போட்ட தகரக் கொட்டகை. அதற்குள் நீலமாக ஏதோ தெரிந்தது.

அப்பா.

தூணில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி நேராக இருந்தது. ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. கோட்டுக்கு மேலே அம்மாவின் மெரூன் சால்வை.

கிறிஸ்டோ மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது உடைந்தது. “தப்புப்பா. அந்த பேப்பர் வேண்டாம். எங்கயும் அனுப்பலை. எங்கயும் போக வேண்டாம்.”

“ஆர்டர் கேன்சலா?” என்று அப்பா மரியாதையாக விசாரித்தார்.

ஜெஸ்லினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கிளம்பும்போது குளிருக்குச் சால்வையை எடுத்துக்கொண்டிருக்கிறார், அந்த அளவுக்காவது நினைவு இருந்திருக்கிறது என்று எண்ணியபடி அவர் காலைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது.

கணுக்காலில் கிரேப் பேண்டேஜ். ஓரத்தில் மஞ்சள் கறை. காலையில் அது அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது.

“அண்ணா,” என்றாள். “அம்மா வந்திருக்காங்க.”

கிறிஸ்டோ எழுந்து சுற்றிலும் பார்த்தான். பார்ப்பதற்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“அப்பா, அம்மா எங்க?”

“கோ-பைலட்டா?” அப்பா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். “கால் சுளுக்கிருச்சு எனக்கு. ஆள் கூட்டிட்டு வரேன்னு கிளம்பினா. மூணு இருபது. இன்னும் ரிப்போர்ட் பண்ணலை.”

மணி நாலே முக்கால். ரோடு முந்நூறு அடியில் இருக்கிறது. ஐந்து நிமிஷம் போதும்.

“எந்தப் பக்கம் போனாங்கப்பா?”

“அவர்கிட்டக் கேட்டு என்ன ஜெஸ்ஸி” என்று கிறிஸ்டோ ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். திசை மட்டும் அவருக்கு மறக்காது. நேற்று ராத்திரி முழுக்க அதை வைத்துத்தானே வாதாடினாள்.

“காம்பசைக் கழட்டிக் கொடுத்தேன்,” என்றார் அப்பா. விமானத்தில் பேசுகிற குரல் அது, தெளிவாக, அவசரம் இல்லாமல். “பனியில கண்ணை நம்பாத மேரி, முள்ளை நம்புன்னு சொன்னேன். என் பேச்சைத் தட்ட மாட்டா. ரோட்டுக்குத் திசையும் சொல்லித்தான் அனுப்பினேன்.”

“என்ன திசை?”

“த்ரீ ஃபோர் ஜீரோ.”

ஜெஸ்லின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது. அவர்கள் வந்த திசை. அவரும் காலையில் அந்தத் திசையில்தான் ரோட்டிலிருந்து இந்தக் கொட்டகைக்கு நடந்து வந்திருப்பார். வந்த திசையைச் சரியாக நினைவில் வைத்திருந்தார். அதைத் திருப்பிப் போடத்தான் மறந்துவிட்டார்.

ரோடு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அம்மா முள்ளை நம்பி, ஒரு டிகிரிகூடப் பிசகாமல், ரோட்டுக்கு நேர் எதிரே நடந்திருக்கிறாள்.

“அந்தப் பக்கம் என்ன இருக்குதுங்க சின்னண்ணா?”

சின்னன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். “ஒண்ணுமில்லீங்க பாப்பா. புல்லு கொஞ்ச தூரம்.” பிறகு சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார். “அப்பறம் பழைய பாக்சைட்டு வெட்டுன குழிங்க. மழைத் தண்ணி நிக்கும்.”

கிறிஸ்டோ தங்கையைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவற்றில் ஒன்றைக்கூட அவன் சொல்லவில்லை. குனிந்து அப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “இவரைக் காருக்குக் கொண்டுபோறேன். கீழ போய்க் கயிறும் ஆளுமா வரேன். நீ தனியாப் போகாத, சின்னண்ணன் கையை விடாத,” என்றான்.

சின்னன் ஏற்கெனவே பனிக்குள் போய்விட்டார். இருபது அடி தள்ளி அவர் குரல் மட்டும் வந்தது.

“பாப்பா, செருப்புத் தடம் இருக்குதுங்க. இந்தப் பக்கந்தான்.”

ஜெஸ்லின் போனை நெஞ்சோடு பிடித்து, முள்ளுக்கு நேராகக் கால் வைத்தாள். முந்நூற்று நாற்பது.

“ஜெஸ்லின்.”

நின்றாள். அண்ணன் குரல் இல்லை அது. மூன்று வாரமாக அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை.

மகன் தோளில் கிடந்தபடி அப்பா தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி கீழே விழுந்திருந்தது.

“ஆல்டர்னேட் சொல்லிட்டுப் போ கண்ணு.”

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஓர் இடமும் இல்லை.